டோர்டோன் போகிறீர்களா? இந்த வரலாற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்



கோடை விடுமுறை வந்தால் நம் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பமாவது ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுகிறது. பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் பாரிஸோடு பயணம் முடிந்துவிடும். ஈஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், ஆற்றில் ஒரு படகுச் சவாரி, பிறகு சுவிட்சர்லாந்துக்கு ரயில். இதற்கு நடுவே நான்கைந்து நாட்கள் ஒதுக்க முடிந்தால் கிராமத்துப் பிரான்ஸில் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதில் டோர்டோன்.

தென்மேற்கு பிரான்ஸில், போர்தோ நகருக்குக் கிழக்கே உள்ள மாவட்டம் இது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1790இல் ஆற்றின் பெயரை இட்டு இந்த மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதற்கு முன் இதன் பெயர் பெரிகோர். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுண்ணாம்புப் பாறைகள், வாதுமைத் தோப்புகள், ஓக் காடுகள், வளைந்து ஓடும் இரண்டு ஆறுகள். பெரிய நகரம் என்று எதுவும் இல்லை. தலைநகரான பெரிகேவிலேயே சுமார் 30,000 பேர்தான்.

முதல் முறை போகிறவர்கள் தவறவிடக்கூடாத சில இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற இடத்துக்குள் உங்களை விடமாட்டார்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பயணத்தின் மதிப்பும் கூடும்.

லாஸ்கோ: நான்கு பையன்களும் ஒரு குகையும்

1940 செப்டம்பர் 12. பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மோந்தின்யாக் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள காட்டில் ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார் மார்செல் ரவிதா. வயது 18, மெக்கானிக் கடையில் வேலை பழகுபவர். நான்கு நாள் முன்னதாகவே அந்தப் பள்ளம் அவர் கண்ணில் பட்டிருந்தது. நாய் விழுந்ததால் கண்டுபிடித்தார்கள் என்ற கதையையும் அங்கே கேட்பீர்கள். அன்று அவருடன் இருந்தவர்கள் ஜாக் மார்சால், ஜார்ஜ் அன்யெல், சிமோன் கோயென்காஸ். மூவருமே அவரைவிட இளையவர்கள். பள்ளத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொருவராக உள்ளே சறுக்கி இறங்கினார்கள். கையில் இருந்த விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது சுவரெல்லாம் காளைகள், குதிரைகள், மான்கள்.

பையன்கள் தங்கள் ஊர் ஆசிரியர் லியோன் லவாலிடம் சொன்னார்கள். சில நாட்களில் பழங்கால ஓவியங்களில் பெரிய அறிஞரான பாதிரியார் ஆன்ரி ப்ராய் நேரில் வந்து பார்த்து, இவை உண்மையான தொல்பழங்கால ஓவியங்கள் என்று உறுதி செய்தார். வயது சுமார் 17,000 ஆண்டுகள். ஏறத்தாழ 600 ஓவியங்கள், 1,500 செதுக்கல்கள். மிகப் பெரிய காளையின் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். இத்தனை விலங்குகளுக்கு நடுவே மனித உருவம் ஒன்றே ஒன்றுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. குகையில் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால், அந்த மக்கள் முக்கியமாகத் தின்றது கலைமான் இறைச்சி. சுவரில் கலைமான் உருவமோ அரிதினும் அரிது. அவர்கள் வரைந்தது வயிற்றுக்காக அல்ல என்பது தெரிகிறது. எதற்காக என்பதுதான் யாருக்கும் விடை கிடைக்காத கேள்வி.

அந்த நால்வரில் சிமோன் கோயென்காஸ் யூதச் சிறுவன். பாரிஸ் அருகிலிருந்து போருக்கு அஞ்சி மோந்தின்யாக் வந்த குடும்பம். குகை கிடைத்த சில நாட்களிலேயே அவர்கள் பாரிஸ் திரும்பிவிட்டார்கள். 1942இல் கைதானார்கள். பெற்றோர் இருவரும் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, திரும்பவே இல்லை. வயது குறைவு என்பதால் சிமோன் விடுவிக்கப்பட்டார். 2020இல்தான் காலமானார். ஓவியங்களைப் பார்க்கும்போது இந்தச் சிறுவனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. 1948இல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வாசலைப் பெரிதாக்கி, படி கட்டி, தரையைத் தாழ்த்தி, மின்விளக்கும் போட்டார்கள். ரவிதாவும் மார்சாலும் வழிகாட்டிகள் ஆனார்கள். 1950களின் நடுவில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் யாரும் சுவரைத் தொடவில்லை, கிறுக்கவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மூச்சே போதுமானதாக இருந்தது. மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த பாறையில் நீராகப் படியும். கரியமில வாயு அதில் கரைந்தால் மெல்லிய அமிலம் ஆகும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்தது மறுபடி வெள்ளைப் படிகமாக ஓவியத்தின் மேலேயே படியும். இது ஒரு நோய். விளக்கு வெளிச்சத்திலும் காலணிகளில் வந்த மண்ணிலும் பாசி வளர்ந்தது. இது இன்னொரு நோய். 1960 வாக்கில் சுவரில் பச்சைத் திட்டுகள் தெரிந்தன. பதினேழாயிரம் ஆண்டு இருட்டில் கெடாமல் இருந்தது, பதினைந்து ஆண்டு பார்வையாளர் வருகையில் கெடத் தொடங்கியது.

1963 ஏப்ரலில் அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடினார். மல்ரோ புகழ்பெற்ற நாவலாசிரியர். போர்க்காலத்தில் இந்த வட்டாரத்து எதிர்ப்புப் படைகளோடு நின்றவர். மூடியது எளிய முடிவாக இருந்திருக்காது. குகை அப்போது தனியார் சொத்து. 1972இல்தான் அரசு வாங்கியது. பார்வையாளர்களால் உரிமையாளர்களுக்கும் ஊருக்கும் வந்துகொண்டிருந்த வருமானம் அதோடு நின்றது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. மூடிய பிறகும் சிக்கல் முழுவதும் தீரவில்லை. 2001இல் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்து, அதை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். இன்றும் கண்காணிப்புப் பணிக்காகச் சிலர் மட்டுமே, அதுவும் அளந்த நேரத்துக்கு, உள்ளே போகிறார்கள்.

ஆகவே நீங்கள் பார்க்கப்போவது நகல். அசல் குகைக்கு அருகிலேயே 1983இல் முதல் நகல் திறக்கப்பட்டது. குகை முழுவதையும் மறுபடி செய்த பெரிய நகல் 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் திறந்தது. அதன் பெயர் நான்காம் லாஸ்கோ. பாறையின் மேடுபள்ளம் வரை அளந்து, கையால் வரைந்து முடித்திருக்கிறார்கள். உள்ளே குளிர்கூட குகையின் குளிர்தான். "இவ்வளவு தூரம் வந்து டூப்ளிகேட்டையா பார்ப்பது?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அசல் அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த நகல் இது என்று சொல்லுங்கள்.

லேஸெஸி: இன்னும் திறந்திருக்கும் வாசல்

அசலைப் பார்க்கவே முடியாதா? முடியும், கொஞ்சம் கொஞ்சமாக. லாஸ்கோவிலிருந்து வெசேர் ஆற்றோடு தெற்கே வந்தால் லேஸெஸி என்ற ஊர் வரும். குரோமேன்யன் மனிதன் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான். 1868இல் ரயில் பாதை போடும் காலத்தில், இந்த ஊரின் பாறைக் குடைவு ஒன்றில் பழங்கால மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்தக் குடைவின் பெயரையே மனித இனத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஃபோன்-த-கோம் குகை. இதன் ஓவியங்களை 1901இல் தெனி பெய்ரோனி என்ற உள்ளூர் ஆசிரியர் அடையாளம் கண்டார். பல வண்ணங்களில் தீட்டிய காட்டெருமைகளை அசலாகவே இங்கே பார்க்கலாம். லாஸ்கோவில் கற்ற பாடத்தால், நாள் ஒன்றுக்குச் சில டஜன் பேருக்கு மேல் விடுவதில்லை. முன்பதிவு செய்யாமல் போனால் பெரும்பாலும் திரும்பி வர வேண்டியதுதான். கைப்பை, முதுகுப்பை எல்லாம் வெளியே வைத்துவிட்டு, குறுகிய வழியில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். இடம் நெருக்கம் என்றால் மூச்சுத் திணறுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே லாஸ்கோவில் கிடைத்த ஒரு கல்விளக்கைத் தேடிப் பாருங்கள். சிவந்த மணற்கல்லில் செய்த, உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளும்படியான விளக்கு. கொழுப்பு ஊற்றி, ஜூனிபர் குச்சியைத் திரியாக்கி எரித்திருக்கிறார்கள். நம் வீட்டு அகல் விளக்கின் தூரத்து உறவு போலத் தோன்றும். வெசேர் பள்ளத்தாக்கின் இந்தக் குகைகளையும் தொல்லிடங்களையும் யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு கோட்டைகள், ஒரு திட்டமிட்ட ஊர்

குகை நாட்டிலிருந்து தெற்கே டோர்டோன் ஆற்றங்கரைக்கு வந்தால் காலம் சட்டென்று நடுக்காலத்துக்கு மாறிவிடும். பாறை உச்சியில் பெய்னாக் கோட்டை. சற்றுத் தள்ளி எதிர்க்கரையில் காஸ்தெல்னோ கோட்டை. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும். 1152இல் அகிடைன் நாட்டு இளவரசி எலினோர், பின்னர் இங்கிலாந்து அரசரான ஹென்றியை மணந்தார். அந்தத் திருமணத்தோடு இந்த வட்டாரம் இங்கிலாந்து அரசர்கள் கைக்குப் போனது. அதன் பிறகு மூன்று நூற்றாண்டு வழக்கு. நூற்றாண்டுப் போர் என்று சொல்லப்படும் 1337 முதல் 1453 வரையிலான போரில் பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம். காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், ஆனால் பலமுறை கைமாறியது. 1453இல் இதே ஆற்றங்கரையில், மேற்கே காஸ்தியோன் என்ற இடத்தில் நடந்த சண்டையோடு போர் முடிந்தது.

காஸ்தெல்னோ 19ஆம் நூற்றாண்டில் ஆளில்லாமல் கிடந்து, ஊரார் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாகவே ஆகிவிட்டது. பிறகு மீட்டுக் கட்டி, நடுக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கல் எறியும் பெரிய பொறிகள் அங்கே நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அரை நாள் ஓடிவிடும்.

அடுக்குமாடியில் வாழும் நமக்குச் சுவாரசியமான ஊர் என்றால் அது மோன்பாசியே. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1284இல் நிறுவியது. ஏறக்குறைய 400 மீட்டர் நீளம், 220 மீட்டர் அகலம், நேர்கோட்டுத் தெருக்கள், நடுவே சந்தைச் சதுக்கம், சுற்றிலும் வளைவுகள் கொண்ட நடைபாதை. இன்றைய மொழியில் சொன்னால் லேஅவுட் போட்டு மனை பிரித்த ஊர். குடியேற வந்தவர்களுக்கு மனையும் சில உரிமைகளும் கொடுத்தார்கள். எல்லைப்புறத்தில் ஆட்கள் குடியிருந்தால்தான் நிலம் தன்னுடையது என்று அரசர் சொல்லிக்கொள்ள முடியும். எதிர்ப்பக்கத்துப் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஃபிலிப்பும் சும்மா இருக்கவில்லை. 1281இல் தோம் என்ற ஊரைக் குன்றின் மேல் நிறுவினார். அதன் வாசல் கோபுரத்தில் பின்னாளில் டெம்ப்ளர் வீரர்கள் சிறை வைக்கப்பட்டார்கள். சுவரில் அவர்கள் கீறியதாகச் சொல்லப்படும் சிலுவைகளும் உருவங்களும் இன்றும் தெரிகின்றன.

மோன்பாசியேவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு முழம்கூட இல்லாத சந்து விட்டிருப்பார்கள், கவனியுங்கள். ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்கவும், கழிவுநீர் போகவும் 700 ஆண்டு முன்பு விட்ட இடம். அந்தச் சந்துகளை இன்றும் யாரும் அடைத்துக் கட்டிக்கொள்ளவில்லை. சந்தை மண்டபத்தில் தானியம் அளந்த பழைய படிகளும் அப்படியே இருக்கின்றன.

சார்லா: இடிக்காமல் விட்ட ஊர்

கோட்டைகளிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சார்லா. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், செங்குத்தான கல் ஓட்டுக் கூரைகள், குறுகிய சந்துகள். எதேச்சதிகாரத்துக்கு மக்கள் ஏன் தாமாகவே தலைவணங்குகிறார்கள் என்று இளம் வயதிலேயே எழுதிய எத்தியேன் த லா போயேசி 1530இல் பிறந்த ஊர். அவர் பெயரைத் தாங்கிய வீடு தேவாலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊர் பாழடைந்து கிடந்தது. அக்காலத்தில் பல நகரங்களில் இப்படிப்பட்ட பழைய பகுதிகளை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். பழைய சட்டம் தனித்தனி நினைவுச் சின்னங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் காக்கும். ஒரு பகுதி முழுவதையும் ஒரே சொத்தாகப் பார்க்காது. 1962 ஆகஸ்ட் 4 அன்று வந்த சட்டம் இதை மாற்றியது. தெரு, வீடு, முற்றம், கூரை என்று பழைய நகர்ப்பகுதி முழுவதையும் ஒன்றாகப் பாதுகாக்கலாம். கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அடுத்த ஆண்டு லாஸ்கோவை மூடிய அதே மல்ரோதான். அந்தச் சட்டத்தின்படி முதன்முதலில் புதுப்பித்த ஊர்களில் ஒன்று சார்லா.

லாஸ்கோவுக்கும் சார்லாவுக்கும் ஒரே அமைச்சர், ஆனால் வைத்தியம் வேறு. குகைக்கு மனிதர் வராமல் இருப்பது நல்லது. ஊருக்கு மனிதர் வாழ்ந்தால்தான் நல்லது. ஆகவே சார்லாவில் வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், கடைகள் நடக்கின்றன. ஜன்னலையோ கூரையையோ மாற்ற வேண்டும் என்றால் மட்டும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். இதற்கும் விலை உண்டு. கோடையில் தெருவில் நடக்க இடமிருக்காது. குளிர்காலத்தில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். ஊர் பிழைத்தது. சுற்றுலாவை நம்பித்தான் அது பிழைக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை இங்கே சந்தை. வாதுமை, பாலாடைக்கட்டி, தேன், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் தெருவெங்கும் இருக்கும். பயன்பாட்டில் இல்லாத ஒரு தேவாலயத்தைக் கூரையுள்ள சந்தையாக மாற்றி, பிரம்மாண்டமான இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். செய்தவர் இந்த ஊரில் வளர்ந்த உலகப் புகழ் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல்.

மிலாந்த்: இழந்தவரின் வீடு

காஸ்தெல்னோவுக்குப் பக்கத்திலேயே மிலாந்த் மாளிகை. அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸ் மேடையில் புகழ்பெற்ற ஜோசஃபின் பேக்கரின் வீடு. போர்க்காலத்தில் அவர் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு பார்த்தார். இசைக் குறிப்புத் தாள்களில் மறைமை எழுதிக் கடத்தினார். 1947இல் இந்த மாளிகையை வாங்கினார். வெவ்வேறு நாடு, நிறம், மதத்தில் பிறந்த 12 குழந்தைகளைத் தத்தெடுத்து, எல்லாரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடியும் என்று காட்ட நினைத்தார். கடன் மூழ்கடித்தது. மாளிகை ஏலம் போனது. 1969இல் அவரை வெளியேற்றினார்கள். சமையலறை வாசற்படியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் அன்று உலகமெங்கும் போனது. அந்தப் படியை இன்றும் பார்க்கலாம். 2021 நவம்பர் 30 அன்று பிரான்ஸ் அவருக்குப் பாரிஸ் பாந்தியோனில் இடம் கொடுத்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

நேரம் இருந்தால் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மோந்தேனின் கோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். லா போயேசியின் உயிர் நண்பர். 1571இல் பதவியை விட்டு இந்தக் கோபுரத்து நூலகத்தில் அமர்ந்து எழுதிய நூல் 1580இல் வெளிவந்தது. கட்டுரை என்ற இலக்கிய வகைக்கே ஐரோப்பாவில் அந்த நூலிலிருந்துதான் பெயர் வந்தது. 1885இல் மாளிகை தீயில் எரிந்தபோதும் கோபுரம் தப்பியது. உத்தரங்களில் அவர் எழுதி வைத்த கிரேக்க, லத்தீன் வாசகங்கள் இன்றும் இருக்கின்றன.

போகும் முன்

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து பெரிகேவுக்கும் சார்லாவுக்கும் உள்ளூர் ரயில் உண்டு. ஆனால் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு. வாடகைக் கார் எடுப்பதே நல்லது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் வசதி. ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே அங்கே குவிந்துவிடுவார்கள்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. இது வாத்துக்கும் கூஸ் வாத்துக்கும் பேர்போன வட்டாரம். சார்லா உருளைக்கிழங்கு என்று பூண்டு மணக்க ஒரு வறுவல் தருவார்கள். பார்க்கச் சைவம்; வறுப்பதோ வாத்துக் கொழுப்பில். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வாதுமை கேக் முட்டை சேர்த்தது, மற்றபடி அருமை.

கடைசியாக ஒன்று. லாஸ்கோ வாசலுக்கு மேலே காட்டுக்குள் அசல் குகை இருக்கும் திசையைப் பார்த்து நிற்கும்போது, "நாம் பார்க்க முடியவில்லையே" என்ற வருத்தம் வரத்தான் செய்யும். 1963இல் மூடியவர்களும் அந்த வருத்தத்தை எண்ணிப் பார்த்திருப்பார்கள். காசு கொடுத்து வந்தவரின் ஆசை ஒரு பக்கம். இன்னும் பிறக்காதவரின் பங்கு மறுபக்கம். பிறக்காதவர் கூட்டத்துக்கு வந்து கை தூக்கமாட்டார், கடிதம் எழுதமாட்டார். அவருக்காக இன்று இருப்பவர்தான் பேச வேண்டும். கிணறு, மரம், மொட்டை மாடி என்று நம் குடியிருப்பின் பொதுச் சொத்துகளைப் பற்றிக் கூட்டத்தில் வாதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டிய கதவுதான் நினைவுக்கு வரும்.

யாராவது இந்த ஆண்டு போய் வந்தால், அடுத்த இதழுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். படங்களோடு. நல்ல பயணம் அமையட்டும்.